வலது முட்டி

சாவியைத் திருப்பினால் கார் ‘டிக்’ என்றது. இன்னொரு தடவை திருப்பினால் இன்னொரு ‘டிக்’. அதற்கு மேல் பேச மாட்டேன் என்று வீம்பு பிடித்து நின்றது. காலை மணி ஆறேகால். விடிவதற்கு முன்பே ஆரம்பித்த தூறல் விடவுமில்லை, வலுக்கவுமில்லை. வீட்டு வாசலை ஒட்டி நின்ற அந்த வெள்ளைக் காரின்மேல் எழுபது நாள் தூசி கரைந்து சேறாக வழிந்துகொண்டிருந்தது.

ஏழு இருபதுக்கு அவள் காரோடு ஒரு தலைமை நர்ஸின் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அவரையும் வழியில் இன்னும் இரண்டு நர்ஸ்களையும் ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குள் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பக் கூட்டிவர வேண்டும். ஐந்து வருஷமாக அவள் கணவர் ஓட்டிய டிரிப் அது. அவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு வேறொரு டிரைவர் தன் காரில் ஓட்டிக்கொண்டிருந்தான். “ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீயே ஓட்டுறேன்னா வா. சந்தோஷம். அன்னைக்கும் வரலைன்னா அந்தத் தம்பிக்கே குடுத்துடுவோம், வருத்தப்படாதே. நாங்களும் டியூட்டிக்கு நேரத்துக்குப் போகணும்ல” என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. குடும்பத்துக்கு நிலையான வருமானம் என்று இருந்தது அந்த ஒரு டிரிப்தான். இன்றைக்கு ஒன்றாம் தேதி.

“இன்னொரு தடவை போடுக்கா” என்றான் தம்பி. செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன். பேட்டரி வயரை மாட்டித் தர நேற்றுச் சாயங்காலமே வருகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு இன்று காலையில் கொட்டாவியோடு வந்து நின்றான்.

“எத்தனை தடவைடா போடுறது? நேத்தே வந்திருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும்ல?”

“நேத்து ஸ்டாக் எடுத்தாங்கக்கா. முதலாளி விடல.”

“உன் முதலாளி விடல, என் கார் விடல. எனக்குன்னு எங்கேயிருந்துதான் வந்து வாய்க்கிறீங்களோ!”

அவள் இறங்கினாள், காரைச் சுற்றி வந்தாள், மறுபடி ஏறினாள். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. இரண்டு மாதம் டிரைவிங் ஸ்கூல் காரில் படித்து, முதல் டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் மோதித் தோற்று, இரண்டாவது டெஸ்டில் தேறி, முந்தாநாள்தான் லைசென்ஸ் கைக்கு வந்திருந்தது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் இந்தக் கார் இப்படிப் பண்ணுகிறதே என்று ஆத்திரமாக வந்தது. ஸ்டீயரிங்கை ஓங்கி ஒரு குத்து விட்டாள். ஹாரன் ஈனமாக ஒரு சத்தம் போட்டது.

அந்தச் சத்தத்துக்கு வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. பட், பட், பட் என்று மூன்று அடி. ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர் தன் வலது காலை இடது கையால் அடித்துக்கொண்டிருந்தார்.

அவரை இந்தத் தெருவில் ரேடியோ என்றுதான் சொல்வார்கள். டாக்ஸியில் ஏறுகிறவர்கள் இறங்கும் வரை பேச்சு ஓயாது. எந்த டாக்டருக்கு எந்த டாக்டரோடு ஆகாது, எந்தக் கல்யாணம் எதனால் நின்றது, எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அவர் வாயில் இருக்கும். வீட்டுக்கு வந்தால் மிச்சத்தை அவளிடம் ஓட்டுவார். ஆறு வருஷத்துக்கு முன் சினிமா தியேட்டர் வாசலில் நிறுத்தியிருந்த காரை எவனோ கிளப்பிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்து ஊருக்கு வெளியே ஒரு முள்காட்டில் கிடைத்த கதையை மட்டும் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். “இனிமே என்னைத் தவிர எவனும் இந்த வண்டியை அசைக்க முடியாது” என்று அந்தக் கதையை முடிப்பார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவாள். அவர் சொல்கிற வீரப் பிரதாபங்கள் எத்தனையோ, அதில் இதுவும் ஒன்று.

எழுபது நாளைக்கு முன் ஒரு மத்தியானம் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, தண்ணீர் கேட்டு, சொம்பை வாங்காமலே சரிந்தார். வலது கை, வலது கால் இரண்டும் போயின. அதோடு பேச்சும் போயிற்று. மற்றவர்கள் பேசுவது அவருக்குப் புரிகிறது, அவர் சொல்ல நினைப்பதுதான் வாய்க்கு வரவில்லை என்றார் டாக்டர். இடது கையில் பேனாவைக் கொடுத்தால் காகிதத்தில் வெறும் கிறுக்கல்தான் விழுந்தது. ‘ஆ’வும் ‘ஊ’வும்தான் மிச்சம்.

“பாத்தியா, அடிச்சுக்கிறான்” என்று மாமியார் டீ டம்ளரோடு வாசலுக்கு வந்தாள். “முந்தாநாள் நீ லைசென்ஸைக் கொண்டுபோய்க் காட்டினதுலேர்ந்து இதான் பண்றான். என் கால் போச்சேன்னு அவனுக்குத் துக்கம்.”

“தெரியுது அத்தை.”

“உனக்குத் தெரியுது. ஆம்பிளை உக்காந்த சீட்டுல பொண்டாட்டி உக்காருறான்னா மனசு பதறாதா? நான் உன்னைக் குத்தம் சொல்லல. அவன் நெலமையைச் சொல்றேன்.”

“நான் உக்காரலைன்னா நாம மூணு பேரும் உக்காந்து எதைச் சாப்பிடுறது, சொல்லுங்க?”

மாமியார் டம்ளரை நீட்டினாள். அவள் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு காரின் கூரைமேல் வைத்தாள், அப்புறம் மறந்துவிட்டாள். மாமியார் சொன்னதுதான் அவளையும் இரண்டு ராத்திரியாக அரித்துக்கொண்டிருந்தது. லைசென்ஸைக் காட்டியபோது அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே காரைக் காட்டினார், காலில் அடித்தார், மறுபடி காரைக் காட்டினார். வலிக்கிறதோ என்று அவள் எண்ணெய் எடுத்துவந்து அந்த வலது முட்டியில் போட்டு நீவிவிட்டாள். அவர் தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டிக் கடைசியில் அழுதுவிட்டார். பிடிக்கவில்லை என்றுதான் அவளும் எடுத்துக்கொண்டாள். பிடிக்காவிட்டால் போகட்டும் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவர் நான் ஓட்டுவதைப் பார்த்து அழுகிறாரே என்று வலித்தது.

ஆறரைக்கு மெக்கானிக் தன் டெம்போவோடு வந்து சேர்ந்தார். தெருமுனையில் பட்டறை வைத்திருக்கிறவர், ரேடியோவுக்குப் பழைய சிநேகம். டெம்போவைக் காருக்கு மூக்கோடு மூக்கு நிறுத்தி, இரண்டு பேட்டரிக்கும் நடுவே தடிமனான வயரைப் போட்டார்.

“பேட்டரி ரெண்டு மாசமா சும்மா கெடந்திருக்கு, அதான் எறங்கிப்போச்சு. வேற ஒண்ணும் இருக்காது. இப்பப் பாரு தங்கச்சி, சாவியைப் போடு.”

போட்டாள். எஞ்சின் ‘கிர்ர்ர் கிர்ர்ர்’ என்று சுற்றியது. அவள் முகம் மலர்ந்தது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை.

“போதும், போதும், விடு. சுத்துது, ஆனா பிடிக்க மாட்டேங்குது. பெட்ரோல் இருக்கா?”

“அரை டேங்க் காட்டுதுண்ணே.”

“பழைய பெட்ரோல். ஆவியாப் போயிருக்கும்” என்றான் தம்பி. செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காதில் வைத்திருந்தான். “இதுல ஒருத்தர் சொல்றாரு, அஞ்சு நிமிஷம் விட்டுவிட்டு அடிக்கணுமாம்.”

“அவர் வந்து நாலு நர்சுங்களைக் கூட்டிட்டுப் போவாரா?” என்றார் மெக்கானிக்.

“மூணு நர்சுண்ணே” என்றாள் அவள்.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றினார். அதை வயரோடு எஞ்சின்மேல் வைத்து, அவளைச் சாவி போடச் சொன்னார். நீலமாகப் பொறி தெறித்தது. “கரென்ட் நல்லா வருது.” பிளக்கை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். விரலால் தடவினார். “ஆனா காய்ஞ்சு கெடக்கு. இத்தனை தடவை சுத்தினதுக்கு இந்நேரம் பெட்ரோல்ல குளிச்சிருக்கணும். பெட்ரோல் மேலயே வரல.” பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, காரின் பின்கதவைத் திறந்து ஸீட்டில் காதை வைத்துப் படுத்தார். “சாவியை முக்கால் திருப்பு போதும், ஸ்டார்ட் பண்ணாதே. பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன்.”

“ஸீட்டுக்கு அடியிலதான் பெட்ரோல் பம்ப் இருக்கு. சாவி போட்டதும் ‘ஞொய்ங்’குன்னு ரெண்டு செகண்டு ஒரு சத்தம் வரணும். வரல.”

வீட்டுக்குள் பட், பட், பட்.

“யம்மா, அந்த மனுஷனைக் கொஞ்சம் சமாதானப்படுத்துங்க. இந்த ஓசையில எனக்கு வேலையே ஓடல” என்றார் மெக்கானிக்.

ஃபியூஸ் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். எதுவும் போகவில்லை. ஹாரனுக்குக் கரென்ட் விடுகிற ரிலேயைப் பிடுங்கி பம்ப்புக்கு மாட்டிப் பார்த்தார். ஈரத் தரையில் சாக்கைப் போட்டு அடியில் புகுந்து, மரச் சுத்தியலால் டேங்க்கை நாலு தட்டுத் தட்டினார். சில சமயம் அதற்கே பம்ப் விழித்துக்கொள்ளுமாம். தம்பி தன் பங்குக்குக் கையால் நாலு தட்டுத் தட்டினான். கார் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. மணி ஆறு ஐம்பத்தைந்து.

அவள் ஸ்டீயரிங் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். இந்த ஸீட்டிலிருந்து பார்த்தால் எல்லாமே புதிதாக இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் இந்தக் காரில் அவள் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. முன் ஸீட் அவருடைய தண்ணீர் பாட்டிலுக்கும் துண்டுக்கும் பழைய செய்தித்தாளுக்கும் சொந்தம். மாமியாரும் அவளும் பின்னால். அங்கிருந்து அவருடைய பிடரியும் தோளும், கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் முட்டியும்தான் தெரியும். கதவைச் சாத்துவார், கண்ணாடியைத் திருப்புவார், பேண்ட்டைத் தளர்த்திக்கொள்வதுபோல் முட்டியை ஒரு தடவை உயர்த்திப் போடுவார், சாவியைத் திருப்புவார். மறுபேச்சில்லாமல் கார் கிளம்பும். கூடவே ரேடியோவும் ஆரம்பித்துவிடும். கார் கிளம்புவது என்பது அவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்கு அப்போதெல்லாம் தோன்றியதே இல்லை.

மெக்கானிக் அடியிலிருந்து எழுந்து கையைத் துடைத்தார். முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“பம்ப் போச்சு தங்கச்சி. டேங்க்கை எறக்கணும், புது பம்ப் வாங்கணும். கடை தொறக்கவே பத்து மணி ஆகும். எப்படிப் பாத்தாலும் சாயங்காலம்.”

“சாயங்காலம்னா எனக்கு எதுக்குண்ணே?”

“புரியுது. நான் என்ன பண்ணட்டும்? உன் வீட்டுக்காரன் வண்டியைக் கண்ணா வச்சிருந்தான். பட்டறையில விட்டுட்டுப் போன்னா போக மாட்டான். ஸ்டூலைப் போட்டு உக்காந்து, வேலை முடியிற வரைக்கும் பேசியே என்னைக் கொல்லுவான். அப்படிப்பட்ட வண்டி இன்னைக்குப் பாத்தா கழுத்தறுக்கணும்?” அவர் குரலும் இறங்கிப்போயிருந்தது.

“உங்க டெம்போவைக் குடுங்கண்ணே. அதுலயாவது…”

“நர்சுங்களை நின்னுக்கிட்டா வரச் சொல்லுவே? பின்னாடி பூரா கிரீஸு.”

அவள் சிரிக்கவில்லை. இறங்கி வீட்டுக்குள் போனாள். சிஸ்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். கடைசி நிமிஷம் வரை காக்க வைத்து அவர்களையும் டியூட்டிக்குத் தாமதமாக்கினால் அது இன்னும் அசிங்கம். போன் ஜன்னல் விளிம்பில் சார்ஜில் கிடந்தது. கட்டிலை ஒட்டி நின்றுதான் எடுக்க வேண்டும்.

ரேடியோ தலையணையிலிருந்து பாதி சரிந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. அவளைக் கண்டதும் “ஆ… ஆ…” என்றார். இடது கை காரைக் காட்டியது, தன் வலது காலை அடித்தது, காரைக் காட்டியது.

“ஆமாங்க, போச்சு. வண்டி கெளம்பல. இப்பத் திருப்தியா உங்களுக்கு?” என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். படுத்துக் கிடக்கிறவரைப் போய் இப்படியா கேட்பது என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் சிஸ்டரின் எண்ணைத் தேடினாள்.

அப்போதுதான் அவர் அவள் காலில் அடித்தார்.

மெல்லத் தட்டவில்லை. நல்ல அடி. நேராக வலது முட்டியில்.

“என்னங்க நீங்க! என்னை ஏன் அடிக்கிறீங்க? நான் என்ன பாவம் பண்ணேன்?”

அடுக்களையிலிருந்து மாமியார் ஓடிவந்தாள். “டேய், டேய், என்னடா இது!”

அவர் கேட்பதாக இல்லை. காரைக் காட்டினார். மறுபடி அவள் வலது முட்டியில் அடித்தார். அவள் விலகப் போனாள். அவர் விடவில்லை. புடவையோடு சேர்த்து அந்த முட்டிக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி மேலே தூக்கினார். அவள் கால் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியது. அவர் அவள் முகத்தையே பார்த்தார். விட்டார். மறுபடி தூக்கினார்.

அவள் ஒற்றைக் காலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு, கண்ணாடி, முட்டி, சாவி. பின் ஸீட்டில் உட்கார்ந்து எத்தனை நூறு தடவை பார்த்திருக்கிறாள்! இறங்கும்போதும் அதேபோல் ஒரு தடவை உயர்த்துவாரே. பேண்ட்டைத் தளர்த்துகிற மனிதர் இறங்கும்போது எதற்கு முட்டியை உயர்த்த வேண்டும்? “ஐயோ” என்றாள். போனை அவர் மடியிலேயே போட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

மெக்கானிக் வயரைச் சுருட்டப் போனார். “இருங்கண்ணே, வயரு இருக்கட்டும்!” தம்பி காரின் பின்னால் சாய்ந்து அடுத்த வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். வலது முட்டியை உயர்த்தினாள். அவருக்கு நெட்டைக் கால், அவளுக்குக் குட்டைக் கால், எதிலும் இடிக்கவில்லை. குனிந்து, அவர் முட்டி போய்த் தொடுகிற இடம் எதுவாக இருக்கும் என்று கையால் துழாவினாள். பானட் திறக்கிற பிடி அகப்பட்டது. காலையில் தம்பி பிடித்து இழுத்தானே, அதே பிடி. அதற்கு இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி, வெளியிலிருந்து யார் பார்த்தாலும் தெரியாத இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு உருண்டையாக ஏதோ ஒன்று இருந்தது. அமுக்கினாள். ‘டப்.’

சாவியை முக்கால் திருப்பினாள். பின் ஸீட்டுக்கு அடியில் ‘ஞொய்ங்’ என்று ஒரு சத்தம். இரண்டே செகண்டு.

மிச்சத்தையும் திருப்பினாள். கார் ஒரு தடவை இருமியது, உதறியது, பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து கருப்பாக ஒரு பிடி புகை தம்பியின் சட்டையில் போய் அடித்தது. காரின் கூரைமேல் ஆறிக்கிடந்த டீ டம்ளர் நடுங்கிக்கொண்டே நகர்ந்து போய்க் கீழே விழுந்தது.

“என்ன பண்ணே தங்கச்சி?” மெக்கானிக் வாயைப் பிளந்தார்.

சொல்ல வாயெடுத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் அந்த வியர்த்த முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கப் பேசியவர், கார் திருடு போன பிறகு பெட்ரோலைத் தடுக்க வைத்த இந்த ரகசியப் பொத்தானைச் சிநேகிதனான இந்த மெக்கானிக்கிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

“தெரியலண்ணே. போட்டேன், பிடிச்சிடுச்சு.”

“நான் டேங்க்கைத் தட்டினேன்ல, அதோட வேலை. லேட்டா முழிச்சிருக்கு.”

“நீங்க தட்டினப்போ பிடிக்கலையே. அப்புறம் நான்ல தட்டினேன்” என்றான் தம்பி.

அவர்களைச் சண்டை போட விட்டுவிட்டு, வயரை எடுத்து, பானட்டை மூடி, டெம்போவை நகர்த்தச் சொல்லி அவள் முதல் கியரைப் போட்டாள். முனை திரும்பும்போது ஒரு தடவை எஞ்சின் அணையப் பார்த்தது. அவள் நெஞ்சும் கூடவே அணையப் பார்த்தது. விடாமல் மிதித்தாள். வைப்பர் ஒன்று வேலை செய்யவில்லை. நல்லவேளை, அது அந்தப் பக்கத்து வைப்பர்.

சிஸ்டர் குடையோடு வாசலில் நின்றார். கையில் போன் இருந்தது. “அந்தத் தம்பிக்குப் போடலாம்னு எடுத்துட்டேன். நாலு நிமிஷம் லேட்டு” என்றார் ஏறும்போதே. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, “எங்க, அவர் மாதிரி கதை சொல்லுவியா?” என்று கேட்டார். “இன்னைக்கு ரோட்டைப் பாக்கவே சரியா இருக்கு சிஸ்டர். நாளையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்” என்றாள். எட்டு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கையில் ஆஸ்பத்திரி வாசலில் மூவரையும் இறக்கினாள். பேட்டரி ஏறட்டும் என்று காரை ஆற்றுப் பாலம் வரை ஒரு நீளச் சுற்று விட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

வந்து நிறுத்தியபோது தூறல் விட்டிருந்தது. சாவியை எடுத்தாள். குனிந்து கையை உள்ளே விட்டு ‘டப்’ என்று அமுக்கிவிட்டு இறங்கினாள்.

“என்னதான் ரிப்பேராம்?” என்றாள் மாமியார்.

“ரிப்பேரே இல்ல அத்தை. உங்க பிள்ளை பண்ணி வச்ச வேலை. அப்புறமாச் சொல்றேன், கொஞ்சம் கஞ்சி ஊத்துங்க.”

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். காலையில் அடித்த இடம் இன்னும் காந்தியது. அவர் காலில் அடித்து ஓய்ந்த கையைப் போர்வைமேல் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“ஊரான் வீட்டுக் கதையெல்லாம் என் காதுல கொட்டினீங்களே” என்றாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். “இந்த ஒண்ணைச் சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு? ஆறு வருஷம்! நான் என்ன, கார் திருடியா?”

அவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

“தோணியிருக்காது. நான் போய் அந்த சீட்டுல உக்காருவேன்னு நீங்க கண்டீங்களா, நான்தான் கண்டேனா.” சரிந்திருந்த தலையணையை நிமிர்த்தி வைத்தாள். “முந்தாநாளே சொல்லியிருக்கீங்க. நான்தான் எண்ணெய் போட்டுத் தேச்சுக்கிட்டு இருந்திருக்கேன். பிடிக்கலைன்னு அழறீங்கன்னு நெனைச்சேங்க.”

அவர் இடது கை மெல்ல நகர்ந்து வந்து அவள் வலது முட்டிமேல் உட்கார்ந்தது. அடிக்கவில்லை. ஒரே ஒரு தட்டு. புருவத்தை உயர்த்தி, ஜன்னல் வழியே காரைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்தார். அது கேள்வி என்று இந்தத் தடவை அவளுக்குப் புரிந்தது.

“அமுக்கிட்டுதான் எறங்கினேன்” என்றாள். “நம்ம ரெண்டு பேரைத் தவிர எவனும் அதை அசைக்க முடியாது.”

அவருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரிப்பு வந்தது. எழுபது நாளில் அன்றைக்குத்தான் சிரித்தார். மாமியார் கஞ்சியோடு வந்து நின்று, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னவென்று கேட்காமல் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள்.